பழைய பென்டியம் 4: விசிடி காப்பி ஆகவில்லை, டிவிடி திக்குகிறது, ஆடியோ சிடியில் சத்தமே இல்லை

அரசலாறு:

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. பென்டியம் 4 (2.4 கிகாஹெர்ட்ஸ்), 512 எம்பி ராம், 80 ஜிபி ஐடிஇ (பழைய தட்டைக் கேபிள் வகை) ஹார்ட் டிஸ்க், ஐடிஇ டிவிடி ரைட்டர், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. சிடி டிரைவ் உள்ள ஒரே மிஷின் என்பதால்தான் இன்னும் வைத்திருக்கிறோம். 2003 கல்யாண விசிடி (வீடியோ சிடி) மூன்று, 2004 மகாமகத்தில் எடுத்த டிவிடி ஒன்று, நாகஸ்வரக் கச்சேரி ஆடியோ சிடி ஏழெட்டு. இவற்றையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, அப்புறம் பென்டிரைவுக்கு மாற்ற வேண்டும்.

விசிடியில் முதல் இரண்டும் தட்டுத் தடுமாறி ஓடுகின்றன. மூன்றாவது, 37-ஆவது நிமிடத்தில் நலங்கு ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிடுகிறது. எம்பெக்ஏவி ஃபோல்டரில் படம் இருக்கும் டாட் (DAT) ஃபைலைக் காப்பி செய்தால் பாதியில் "சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்று எரர். அதுவரை காப்பி ஆனதும் காணாமல் போய்விடுகிறது.

டிவிடி விஎல்சியில் திக்குகிறது. அந்த நேரத்தில் மவுஸ் அம்புக்குறிகூட இழுத்து இழுத்துத்தான் நகர்கிறது. அதே டிவிடி, டிவியோடு இணைக்கும் பிளேயரில் சுத்தமாக ஓடுகிறது.

ஆடியோ சிடி போட்டால் மீடியா பிளேயரில் நேரம் ஓடுகிறது, ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. எம்பி3 பாட்டு அதே ஸ்பீக்கரில் கேட்கிறது.

இது போதாதென்று டிரே சில சமயம் திறக்க மாட்டேன் என்கிறது. பட்டனை அழுத்தினால் உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் சிடி போட்டுப் பார்த்தாயிற்று, பலனில்லை. கடையில் "மதர்போர்டு போயிடுச்சு, புது சிஸ்டம் வாங்கிடுங்க" என்கிறார்கள். நிஜமாகவே அப்படித்தானா?


குடந்தை கேபிள்:

மதர்போர்டு எங்கேயும் போகலை சார். டிவிடி ஓடும்போது மவுஸும் சேர்ந்து இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. லென்ஸ் அழுக்கென்றால் படம் நிற்கும். மவுஸ் பெரும்பாலும் தன்பாட்டுக்கு ஓடும். மவுஸும் மாட்டுகிறது என்றால் பிராசசர் முழுக்க டிரைவுக்கே சேவகம் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் டிரைவ் டிஎம்ஏ மோடிலிருந்து பிஐஓ மோடுக்கு இறங்கிவிட்டது.

டிஎம்ஏ-வில் டிரைவ் படித்தது நேரே ராமுக்குப் போகும். பிஐஓ-வில் ஒவ்வொரு துணுக்கையும் பிராசசரே எடுத்து வைக்க வேண்டும். எக்ஸ்பி ஏன் இப்படி இறக்குகிறது என்றால், ஒரு டிரைவிலிருந்து டைம்-அவுட் (நேரத்துக்குப் பதில் வராமை) அல்லது சிஆர்சி பிழை (தகவல் சரியாக வந்ததா என்ற சோதனையில் தவறுவது) ஆறு சேர்ந்தால் வேகத்தை ஒரு படி குறைக்கும்படி அதற்கு எழுதி வைத்திருக்கிறார்கள். படிப்படியாக இறங்கிக் கடைசியில் பிஐஓ-வில் உட்கார்ந்துவிடும். திரும்பத் தானாக ஏறாது, ரீஸ்டார்ட் செய்தாலும் ஏறாது. அந்தப் பிழைகள் எங்கிருந்து வந்தன? உங்கள் மூன்றாவது விசிடியிலிருந்துதான். கீறல் விழுந்த தட்டை மறுபடி மறுபடி போட்டு முயன்றதில் எண்ணிக்கை ஏறி, நல்ல டிவிடிக்கும் சேர்த்துத் தண்டனை கிடைத்திருக்கிறது.

உறுதி செய்ய: டாஸ்க் மேனேஜரில் "பெர்ஃபார்மன்ஸ்" பக்கம், "வியூ" மெனுவில் "ஷோ கெர்னல் டைம்ஸ்" டிக் பண்ணுங்கள். டிவிடி ஓடும்போது பச்சைக் கோட்டை ஒட்டியே சிவப்புக் கோடும் உச்சியில் போனால் சந்தேகமே வேண்டாம்.

சரி செய்ய: "மை கம்ப்யூட்டர்" மேல் ரைட் கிளிக், "மேனேஜ்", "டிவைஸ் மேனேஜர்". அதில் "ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கன்ட்ரோலர்ஸ்" விரித்து "செகண்டரி ஐடிஇ சேனல்" ப்ராப்பர்ட்டீஸ், "அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்". "டிரான்ஸ்ஃபர் மோட்" என்ற இடத்தில் "டிஎம்ஏ இஃப் அவைலபிள்" இருக்க வேண்டும். அதன் கீழே "கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோட்" என்பதில் "அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2" அல்லது 4 காட்ட வேண்டும். மேலே சரியாக இருந்தும் கீழே "பிஐஓ மோட்" என்றிருந்தால், அந்த செகண்டரி சேனலையே ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் பண்ணிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயப்பட வேண்டாம், விண்டோஸ் மறுபடி கண்டுபிடித்துக்கொள்ளும். இன்னொரு முறை ரீஸ்டார்ட் கேட்கும், கொடுங்கள். பழைய பிழைக் கணக்கும் அதோடு அழிந்துவிடும். டிவிடி ரைட்டர் ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே கேபிளில் இருந்தால் மட்டும் "பிரைமரி"யைப் பார்க்க வேண்டும்.

நல்ல தட்டு போட்டும் சில நாளில் மறுபடி பிஐஓ-வுக்கு இறங்கினால் கேபிளைப் பாருங்கள். தட்டையான ஐடிஇ கேபிள் 18 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மடித்து மடித்து வெடித்த கேபிள், பின் சரியாக உட்காராத கேபிள் எல்லாம் சிஆர்சி பிழையைக் கொண்டுவரும். 80 கம்பி கேபிளாக இருந்தால் நீல நிற முனை மதர்போர்டு பக்கம். ஒரே கேபிளில் இரண்டு சாதனம் இருந்து இரண்டுக்கும் ஜம்பர் (டிரைவின் பின்னால் சொருகும் குட்டி இணைப்பு) "மாஸ்டர்" என்று இருந்தால் ஒன்று தெரியும், ஒன்று தெரியாது, அல்லது இரண்டுமே தெரியாது.

அடுத்தது விசிடி. "டாட் ஃபைலைக் காப்பி பண்ணினால் எரர்" என்பது ஊர் முழுக்கக் கேட்கிற புலம்பல். சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டரில் (தட்டில் தகவலைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டு) 2048 பைட் தகவல், அதோடு 276 பைட் பிழை திருத்தத்துக்கென்றே தனியாக. விசிடியில் படம் இருக்கிற பகுதியை "மோட் 2 ஃபார்ம் 2" என்ற முறையில் எழுதுகிறார்கள். அதில் ஒரு செக்டருக்கு 2324 பைட் படம். அந்த 276 பைட் திருத்தம் கிடையாது. இடம் மிச்சம் என்பதற்காக அப்படி. 700 எம்பி தட்டில் ஏறக்குறைய 800 எம்பி படம் பிடிப்பது இதனால்தான். பிளேயர் படிக்கும்போது ஒரு செக்டர் கெட்டால் திரையில் சதுரம் சதுரமாக உடைந்து தாண்டிப் போய்விடும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் அப்படி விடாது. ஒரு பைட் சந்தேகம் என்றாலும் மொத்தக் காப்பியையும் ரத்து செய்து, அரைகுறை ஃபைலையும் அழித்துவிடும். நலங்கு போனாலும் பரவாயில்லை, மிச்சத்தைக் கொடு என்று அதனிடம் கேட்க வழியில்லை.

ஆகவே எக்ஸ்ப்ளோரரை விட்டுவிடுங்கள். இம்ஜ்பர்ன் என்ற இலவச சாஃப்ட்வேர் எக்ஸ்பியிலும் ஓடும். (இன்ஸ்டால் ஆகும்போது டூல்பார் ஏதாவது கூடவே வரப் பார்த்தால் டிக்கை எடுத்துவிடுங்கள்.) "ரீட்" மோடுக்குப் போய், செட்டிங்ஸில் "இக்னோர் ரீட் எரர்ஸ்" டிக் பண்ணி, ரீட் ஸ்பீடை 8 எக்ஸ் அல்லது 4 எக்ஸ் ஆக்குங்கள். சாஃப்ட்வேர் ரீட்ரை எண்ணிக்கை வழக்கமாக 20 இருக்கும்; அதை 2 ஆக்குங்கள், இல்லையென்றால் கெட்ட இடத்தில் மணிக்கணக்காக அரைத்துக்கொண்டிருக்கும்.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்: விசிடியை ஐஎஸ்ஓ ஃபைலாக (தட்டின் நகலை ஒரே ஃபைலாக வைக்கும் வகை) எடுக்க முடியாது. ஐஎஸ்ஓ-வில் செக்டருக்கு 2048 பைட்தான் இடம். 2324 பைட் அதில் அடங்காது. பின்/க்யூ (BIN/CUE: தட்டின் நகல் ஒரு ஃபைல், அதன் பிரிவுக் குறிப்பு ஒரு ஃபைல்) ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும், அதில் செக்டருக்கு 2352 பைட் முழுசாக வரும். இம்ஜ்பர்ன் தட்டைப் பார்த்துத் தானே பின் என்று மாற்றிக்கொள்ளும். நீங்கள் கையை வைத்து ஐஎஸ்ஓ ஆக்காமல் இருந்தால் போதும். பிறகு விசிடிகியர் என்ற சின்ன சாஃப்ட்வேரில் பின்/க்யூ-வைக் கொடுத்து எம்பிஜி ஆக எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை மறுபடி என்கோட் செய்வதில்லை, மேலுறையை மட்டும் கழற்றுகிறது; தரம் ஒரு துளியும் குறையாது. முதலிலேயே 352க்கு 288 அளவுள்ள படம், இன்னொரு தடவை சுருக்கினால் முகமே தெரியாது.

வரிசை முக்கியம். முதலில் டிஎம்ஏ சரி செய்து, டிவிடியையும் நல்ல விசிடி இரண்டையும் ஆடியோ சிடிக்களையும் முடியுங்கள். மூன்றாவதைக் கடைசியில் தொடுங்கள். அது மறுபடி பிஐஓ-வுக்குத் தள்ளினாலும் அப்போது இழப்பதற்கு ஒன்றுமில்லை.


வலந்தலை:

ஆடியோ சிடி விஷயத்துக்கு மட்டும். சிடி ஓடுது, நேரம் நகருது, சத்தம் இல்லைன்னா அது அனலாக் வயர் கதை. அந்தக் காலத்துல டிரைவ் தானே பாட்டா மாத்தி, பின்பக்கம் இருக்கிற 4 பின் சாக்கெட் வழியா மெல்லிசா ஒரு வயர்ல சவுண்ட் கார்டுக்கு அனுப்பும். கேபினெட்டைத் திறந்து யாராவது தூசி தட்டினப்போ அந்த வயர் கழண்டிருக்கும். இல்லைன்னா வால்யூம் கன்ட்ரோல்ல "சிடி ஆடியோ" மியூட்ல இருக்கும்.

வயரைத் தேடி அலைய வேணாம். டிவைஸ் மேனேஜர்ல டிவிடி டிரைவோட ப்ராப்பர்ட்டீஸ் திறந்தா "ப்ராப்பர்ட்டீஸ்"னே ஒரு டேப் இருக்கும். அதுல "எனேபிள் டிஜிட்டல் சிடி ஆடியோ" டிக் பண்ணுங்க. இனி ஐடிஇ கேபிள் வழியாவே பாட்டு வரும். டிரைவ் முகப்புல ஹெட்போன் ஓட்டை இருக்கிற பழைய மாடலா இருந்தா, அதுல ஹெட்போன் சொருகிப் பாருங்க. அங்கே கேட்டுச்சுன்னா தட்டும் லென்ஸும் நல்லாத்தான் இருக்கு.

இன்னொண்ணு. ஆடியோ சிடியைத் திறந்தா டிராக்01 னு ஆரம்பிச்சு சிடிஏ ஃபைலாத் தெரியும். அதைக் காப்பி பண்ணிட்டு "ஏத்தியாச்சு"ன்னு தட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க! ஒவ்வொண்ணும் 44 பைட்தான், பாட்டு எங்கே இருக்குங்கிற முகவரி மட்டும்தான் அதுல. எக்ஸாக்ட் ஆடியோ காப்பிங்கிற சாஃப்ட்வேர்ல "செக்யூர்" மோட் வெச்சு, "டெஸ்ட் அண்ட் காப்பி" போடுங்க. ரெண்டு தடவை படிச்சு ரெண்டு சிஆர்சி எண்ணும் ஒண்ணா இருக்கான்னு காட்டும். ஒண்ணா இருந்தா அந்த டிராக்கை நம்பலாம். ஒரு நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி வேவ் ஃபைல் வரும், அதை ஃப்ளாக் (தரம் குறையாம சுருக்கின ஃபைல்) ஆக்கி வைங்க.

கச்சேரி சிடில ராகம் ஒரு டிராக், கீர்த்தனை ஒரு டிராக், தனியாவர்த்தனம் ஒரு டிராக்னு வெட்டியிருப்பாங்க, ஆனா சத்தம் தொடர்ச்சியா போயிட்டே இருக்கும். எம்பி3 ஆக்கினா ஒவ்வொரு வெட்டுலயும் ஒரு நொடிக்குள்ள ஒரு மௌனம் விழும். தவில் தீர்மானம் நடுவுல அது விழுந்தா கேக்க சகிக்காது. அதுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பிலயே "காப்பி இமேஜ் அண்ட் கிரியேட் க்யூ ஷீட்"னு இருக்கு. முழு சிடியும் ஒரே ஃபைலா வரும், பாட்டுப் பிரிவு க்யூ ஷீட்ல இருக்கும்.


மாயவரம் மல்டிமீட்டர்:

மேலே இருவரும் சொன்னது சரி. டிரைவின் உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் டிரே. ஒரு சோதனை: உள்ளே சிடி இருக்கும்போது திறக்கிறதா, காலியாக இருக்கும்போது மட்டும் மாட்டுகிறதா? தட்டை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிற வில்லையில் காந்தம் இருக்கிறது. தட்டு நடுவில் இருந்தால் காந்தத்துக்கும் கீழே உள்ள சுழலிக்கும் இடைவெளி கூடுதல், பிரிப்பது சுலபம். தட்டு இல்லையென்றால் இரண்டும் நெருங்கிக் கவ்விக்கொள்ளும். தளர்ந்த பெல்ட்டுக்கு அந்தப் பிடியை விடுவிக்க இழுவை போதாது, வழுக்கும். அந்த "டிக்" அதுதான். பெல்ட் மாற்றும் வரை காலி டிரேயை மூடி வைக்காமல், வேண்டாத சிடி ஒன்றை உள்ளே போட்டே வையுங்கள். வேலை ஓடும்.

பெல்ட் மாற்ற: மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முகப்பில் இருக்கும் ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக அழுத்தினால் டிரே கொஞ்சம் வெளியே வரும். கையால் இழுத்து, டிரேயின் முன்பட்டையையும் அடுத்து முகப்பையும் கழற்றுங்கள். அடிப்பக்கம் நான்கு ஸ்க்ரூ. டிரேயை உருவினால் முன்பக்கத்தில் சின்ன மோட்டார், அதிலிருந்து ஒரு பல்சக்கரத்துக்கு ரப்பர் பெல்ட். பழையதை நீட்டாமல் மேஜையில் வட்டமாக வைத்து விட்டம் அளந்து, கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்த கடைகளில் இந்த அளவுப் பெல்ட் இன்னும் கிடைக்கும். பணக்கட்டு ரப்பர் பேண்ட் போடுகிறவர்கள் உண்டு. அது சீக்கிரமே வெந்து பிசுபிசுத்து மோட்டார் கப்பியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டி எடுக்கிற வேலை தனி. புது பெல்ட் போடும் முன் கப்பியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

திறந்த கையோடு லென்ஸையும் பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் தை, மாசி அறுவடையில் பறக்கிற வைக்கோல் தூசியும், ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்து லென்ஸின் மேல் மெல்லிய படலமாகப் படியும். காய்ந்த பிரஷ் அதைத் தேய்த்துப் பரப்பும், எடுக்காது. 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு காது பட்ஸில் தொட்டு, அதிகப்படியை உதறிவிட்டு, நடுவிலிருந்து வெளியே சுற்றி ஒரு தடவை. உடனே காய்ந்த பட்ஸால் ஒரு தடவை. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது; அமுக்கினால் வளைந்துவிடும், அப்புறம் டிரைவ் குப்பைக்குத்தான். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. லென்ஸே பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டால் பால் போல வெளுத்துப் போகும். கரன்ட் இருக்கும்போது திறந்து உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், அது லேசர். பக்கத்தில் ஸ்க்ரூ மாதிரி தெரிகிற குட்டி ப்ரீசெட்டைத் திருகி "பவர் ஏற்றலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருநாள் நன்றாகப் படிக்கும், அப்புறம் லேசர் டயோடு எரிந்துவிடும்.

எது கெட்டது என்று திறக்காமலே ஊகிக்க வழி உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என இரண்டு லேசர். சிடி எல்லாம் ஓடி, எந்த டிவிடியும் ஏறவில்லை என்றால் 650 செத்துவிட்டது, துடைத்துப் பயனில்லை. தட்டு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. ஆகவே எல்லாத் தட்டிலும் கடைசிப் பாட்டுகள் மட்டும் திக்கினால் லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. ஒரே ஒரு தட்டில் மட்டும் என்றால் குற்றம் தட்டில். உங்கள் டிவிடி இறங்கிய வேகத்திலும் தட்டுத் தடுமாறியாவது ஓடுகிறது என்பதால் லேசர் உயிரோடுதான் இருக்கிறது.

மின்சாரம் ஒன்று பாக்கி. தட்டைச் சுழற்றும் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது. மும்முனை கரன்ட் விடும் நேரத்தில் சுற்று வட்டாரத்துப் பம்புசெட் எல்லாம் ஒரே மூச்சில் ஓட ஆரம்பித்ததும் வீட்டு வோல்டேஜ் தொய்யும். நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) தாங்கும், கிழடு தட்டியது தாங்காது. நான்கு பின் பவர் சாக்கெட்டில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் மல்டிமீட்டர் வைத்து, தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் பாருங்கள்: 11.4-க்குக் கீழே போகக் கூடாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75-க்குக் கீழே கூடாது. போனால் டிரைவை மாற்றிப் பயனில்லை, எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்றுங்கள்.


பட்டுக்கோட்டை பென்டிரைவ்:

கீறல் விழுந்த சிடிக்கு டூத்பேஸ்ட் தடவித் தேய்ச்சா போதுமே அண்ணே. எல்லாரும் பண்றதுதானே. வட்டமா நல்லா தேய்ச்சுக் கழுவினா புதுசு மாதிரி ஆயிடும்.


மாயவரம் மல்டிமீட்டர்:

தம்பி, வட்டமாகத் தேய்ப்பதுதான் ஆபத்தே. சிடியில் தகவலைப் பிரித்துப் பரப்பி எழுதியிருப்பதால், தடத்தின் போக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ச்சியாக அழிந்தாலும் டிரைவ் கணக்குப் போட்டு மீட்டுவிடும். மையத்திலிருந்து விளிம்புக்குப் போகிற மெல்லிய கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியை மட்டுமே வெட்டும், பிழைத்துக்கொள்ளலாம். வட்டக் கீறல் தடத்தோடேயே ஓடும், தொடர்ந்து சென்டிமீட்டர் கணக்கில் அழிக்கும். ஆகவே துடைப்பதும் தேய்ப்பதும் எப்போதும் மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில்.

வெள்ளைப் பேஸ்ட் மேலோட்டமான கீறலை மழுக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஜெல் உதவாது. ஆனால் இமேஜ் (பின்/க்யூ நகல்) எடுத்து முடித்த பிறகு, கடைசி முயற்சியாக மட்டும். முதலில் வெறும் தண்ணீரில் பாத்திர சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றிக் காயவிட்டுப் பாருங்கள். பாதிக் "கீறல்" பூஞ்சையாகவும் கைரேகையாகவும் இருக்கும்.

அதைவிட, தட்டைத் திருப்பி மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிடியில் தகவல் இருக்கும் படலம் லேபிளுக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது; படிக்கும் பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கவசம். எல்லாரும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, மேல்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் "நலங்கு, ஊர்வலம்" என்று எழுதுவார்கள். லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போனதுதான், எந்தப் பேஸ்ட்டும் உதவாது.


அரசலாறு:

அனைவருக்கும் நன்றி. பிஐஓ-தான் இருந்தது. அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் ஆனதும் "அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2" காட்டுகிறது. டிவிடி திக்காமல் ஓடுகிறது. ஆடியோ சிடியும் கேட்கிறது. முதல் இரண்டு விசிடி பின்/க்யூ ஆகி, எம்பிஜி-யும் வந்துவிட்டது. டிரே, ஐயா சொன்னது போலவே காலியாக இருந்தால்தான் மாட்டுகிறது.

மூன்றாவது விசிடியில் மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. லைட்டில் பார்த்தால் ஸ்டிக்கர் மறைப்பதால் எதுவும் தெரியவில்லை. அதை உரித்துவிட்டுப் படிக்கலாமா? இன்னொரு சந்தேகம், போனில் எடுத்த வீடியோவை இதில் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, படம் உறைந்து நிற்கிறது. இதுவும் டிரைவ் கோளாறா?


குடந்தை கேபிள்:

உரிக்காதீர்கள்! பசை அரக்குப் பூச்சோடு ஒட்டியிருக்கும். ஸ்டிக்கரோடு பளபளக்கும் படலமும் சேர்ந்து வந்துவிடும், கையில் கண்ணாடி மாதிரி வெறும் பிளாஸ்டிக் மிஞ்சும். உப்பிய இடத்தை விரலால் மெதுவாக அமுக்கி மட்டம் செய்யுங்கள், அவ்வளவுதான். ஸ்டிக்கர் ஒரு பக்கம் கனமானால் வேகமாகச் சுற்றும்போது தட்டு அதிரும், லேசர் தடத்தை விட்டு விலகும். அதனால் இந்தத் தட்டுக்கு 4 எக்ஸ் வேகம்தான். இம்ஜ்பர்ன் கேட்டும் டிரைவ் வேகத்தைக் குறைக்காவிட்டால் நீரோ டிரைவ்ஸ்பீட் என்ற சாஃப்ட்வேர் வைத்துக் குறைக்கலாம். மையத்து ஓட்டையைச் சுற்றி வெடிப்பு ஏதும் தெரிந்தால் போடவே போடாதீர்கள். 52 எக்ஸ் வேகத்தில் சிடி நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும், வெடித்தால் டிரைவும் போச்சு.

இதில் முழுசாக வராவிட்டால் வேறு டிரைவில் இன்னொரு பின்/க்யூ எடுங்கள். ஒன்று கைவிட்ட செக்டரை இன்னொன்று படிக்கும், சில சமயம் பழைய வெறும் சிடி-ராம் டிரைவ் டிவிடி ரைட்டரை மிஞ்சும். இரண்டு எம்பிஜி-யிலும் நல்ல பகுதியை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். வெளியே வைக்கிற யுஎஸ்பி டிவிடி ரைட்டர் வாங்கினால் எக்ஸ்பியில் டிரைவர் கேட்காது. ஆனால் யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், தட்டு சுழல ஆரம்பிக்கும்போது அதற்குப் போதாது. கேபினெட்டின் முன் போர்ட்டில் சொருகாமல் பின்பக்கம் சொருகுங்கள், இரண்டு முனை உள்ள ஒய் கேபிள் இருந்தால் இன்னும் நல்லது.

போன் வீடியோவுக்கும் டிரைவுக்கும் சம்பந்தமே இல்லை. போன் 1080 அளவில் எச்.264 அல்லது எச்இவிசி-யாக (வீடியோவைச் சுருக்கும் முறைகள்) எடுக்கிறது. பென்டியம் 4-க்கு எச்இவிசி எட்டாக் கனி, எந்த கோடெக் பேக் போட்டாலும் ஓடாது, போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எச்.264 மட்டும் என்றால் விஎல்சி ப்ரிஃபரன்சஸில் "இன்புட்/கோடெக்ஸ்" பக்கம் போய் "ஸ்கிப் லூப் ஃபில்டர்" என்பதை "ஆல்" ஆக்கினால் 720 அளவு ஓரளவு நகரும். நிரந்தரத் தீர்வு, வேறு புது மிஷினில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேர் போட்டு 480 அளவுக்கு, எச்.264, "ஃபாஸ்ட் டிகோட்" டிக் பண்ணி மாற்றிக் கொண்டுவருவது. சத்தம் வந்து படம் மட்டும் கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேறு கதை. விஎல்சி வீடியோ செட்டிங்ஸில் ஓவர்லே டிக்கை எடுத்துப் பாருங்கள்.

பென்டிரைவுக்கு மாற்றும்போது அது ஃபேட்32 ஃபார்மட் என்றால் 4 ஜிபி-க்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. விசிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. டிவிடியை வீடியோ_டிஎஸ் ஃபோல்டராக அப்படியே காப்பி செய்தால் ஒவ்வொரு விஓபி-யும் (டிவிடியில் படம் இருக்கும் ஃபைல்) 1 ஜிபி-க்குள்தான் இருக்கும், அதுவும் ஏறிவிடும். ஒரே ஐஎஸ்ஓ-வாக எடுத்தால்தான் மாட்டும்.


மாயவரம் மல்டிமீட்டர்:

கேபினெட் திறந்திருக்கும்போதே மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சிஆர்2032, 3 வோல்ட். பழையதை அளந்தால் 2.7-க்குக் கீழே இருக்கும் என்று நினைக்கிறேன். அது செத்தால் ஒவ்வொரு கரன்ட் கட்டுக்கும் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை) செட்டிங் அழியும், தேதி பின்னோக்கிப் போகும், காப்பி செய்த ஃபைலுக்கெல்லாம் தப்பான வருஷம் விழும். சில போர்டுகளில் செகண்டரி ஐடிஇ செட்டிங்கும் மாறி, டிரைவே காணோம் என்று நிற்பீர்கள்.